எட்டு டாலர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

டல்லாஸுக்குப் பக்கத்தில் பிளேனோவில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன அமெரிக்கன் பிஸ்ட்ரோவுக்குப் போவோம். நான் சைவம், குடிப்பதும் இல்லை. வெங்காய சூப்பும் ஃப்ரைஸும் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்களின் ஒயினுக்கும் ஸ்டேக்குக்கும் சேர்த்துச் சமமாகப் பணம் கொடுக்கிறேன். அவர்கள் டல்லாஸின் அமெரிக்கக் கால்பந்து அணியான கவ்பாய்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் சாப்பாடு வரவே நாற்பது நிமிடம் ஆனது. பரிமாறிய பெண் எலுமிச்சை கேட்டதையும் மறந்துவிட்டாள். பில் 240 டாலர். அன்று என் கார்டில்தான் கட்டினேன். டிப்ஸ் எழுதும் இடத்தில் பூஜ்யம் போட்டேன். சர்வீஸ் சரியில்லை என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும்? வெளியே வந்ததும் ஒரு அமெரிக்க நண்பர் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனார். அவர் அந்தப் பெண்ணிடம் பணம் கொடுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. இவர்களோடு சாப்பிடப் போவதையே நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டாம். வாரக் கடைசியில் ஆறு பேர் ஒரு மேசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். வேற்றூரில் அது லேசில் கிடைக்காது. பில் விஷயம் சுலபம். ஆர்டர் எடுக்க வரும்போதே தனித்தனி பில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அங்கே யாரும் இதைக் கஞ்சத்தனமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கவ்பாய்ஸ் பேச்சு புரியவில்லை என்றால் கேளுங்கள், விளக்கிச் சொல்ல ஆசைப்படாத ரசிகன் உலகத்தில் இல்லை. அப்புறம், சைவம் என்கிறீர்கள். பிஸ்ட்ரோக்களில் அந்த வெங்காய சூப்பைப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்கிறார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 2025இல் அமெரிக்காவில் டிப்ஸுக்கு வருமான வரிச் சலுகை கொடுத்துச் சட்டம் வந்தது. வருடத்துக்கு 25,000 டாலர் வரை, 2028 வரைக்கும். அதை ஒட்டி நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. வரியைத் தொட்டார்கள், 2.13ஐத் தொடவில்லை.

2.13 என்ன என்று தெரியுமா உங்களுக்கு? டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம், மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இலிருந்து இதேதான். உங்கள் சூப்பின் விலையில் அவள் எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சத்தை மேசையில் உட்காருகிறவர் கொடுத்துவிடுவார் என்பதுதான் சட்டத்தின் ஏற்பாடு. அதாவது அன்று சாயங்காலம் அவளுக்குச் சம்பளம் போட வேண்டியவர் நீங்கள். நீங்கள் பூஜ்யம் போட்டீர்கள்.

உங்கள் மறுப்பு எனக்குக் கேட்கிறது. டிப்ஸ் குறைந்தால், மற்ற ஊழியர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளமான மணிக்கு 7.25 டாலர் வரை முதலாளி ஈடுகட்ட வேண்டுமே என்பீர்கள். ஆமாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கை மேசைவாரியாகப் பார்ப்பதில்லை, வாரவாரியாகப் பார்க்கிறார்கள். வாரம் முழுவதும் மற்றவர்கள் கொடுத்ததைக் கூட்டி, சராசரி 7.25ஐத் தாண்டினால் முதலாளிக்குக் கவலை இல்லை. நீங்கள் விட்டுப்போன ஓட்டையை அடைத்தது அடுத்த மேசைக்காரர்.

இன்னொன்று இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கே ஹூஸ்டனில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தெரிந்தது. தோழியின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே சாயங்காலத்தில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தாள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வருவாள். ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, கசங்கின ஒரு டாலர் நோட்டுகளை நீவி நீவி அடுக்குவாள். நான் அவளுக்கு ரசம் சூடு பண்ணிக் கொடுப்பேன். குடித்துக்கொண்டே சொல்வாள். அவள் வாங்கும் டிப்ஸ் முழுவதும் அவளுக்கு இல்லை. மேசை துடைக்கும் பையனுக்கும் பாரில் நிற்பவருக்கும் அதிலிருந்து பங்கு போக வேண்டும். அந்தப் பங்கை அவளுக்கு வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடுவதில்லை, அவள் விற்ற தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பல இடங்களில் இப்படித்தான். நூற்றுக்கு நான்கு என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் 240 டாலர் பில்லுக்கு 9 டாலர் 60 சென்ட். நீங்கள் ஒன்றும் வைக்காவிட்டாலும் அதை அவள் எடுத்து வைக்க வேண்டும். அந்த இரவு உங்களுக்குப் பரிமாறியதற்கு அவள் பணம் கட்டியிருப்பாள், தம்பி. இதைத் தண்டனை என்று நினைத்தா செய்தீர்கள்? எலுமிச்சைக்கா?

என் தோழியின் மகள் சொன்ன இன்னொரு விஷயத்தையும் நீங்கள் கேட்கத்தான் வேண்டும். இந்திய முகமாக ஒரு கூட்டம் உள்ளே வந்தால் மற்ற சர்வர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாம். அந்த மேசையை இவளிடம் தள்ளிவிடுவார்களாம், உங்க ஆட்கள்தானே என்று. “அவங்க அப்படி நினைக்கிறது அநியாயம் ஆன்ட்டி. நான் சண்டை போட்டிருக்கேன். ஆனா அந்த மேசையே அதை நிஜமாக்கிட்டு எழுந்து போனா நான் என்ன சொல்றது?” என்று கேட்டாள். அவள் கோபம் இரண்டு பக்கமும் இருந்தது. எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

சாப்பாடு தாமதமானதற்கு உங்களுக்குப் பரிமாறிய பெண்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஆறு பேரில் ஒருவருடைய ஸ்டேக் நன்றாக வேக வேண்டும், இன்னொருவருக்குச் சீஸ் கூடாது, உங்கள் தட்டில் இறைச்சி படக்கூடாது. ஆறு தட்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும். அடுப்பு அவள் கையில் இல்லை. அவள் கையில் இருந்தது எலுமிச்சை ஒன்றுதான், அதை மறந்துவிட்டாள். இன்னும் நாலைந்து மேசைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நிஜமாகவே சர்வீஸ் மோசமாக இருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

இந்த ஏற்பாடே அயோக்கியத்தனம் என்றால் நான் உங்களோடு நிற்பேன். இதன் வரலாறு அசிங்கமானது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மேன் கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் விடுதலையான கறுப்பின மனிதர்களை வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், டிப்ஸில் பிழைத்துக்கொள் என்று விட்டது. அந்த ஊழியர்கள் அத்தனை பேரையும் பயணிகள் முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். அந்த ஊழியர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் கட்டி, கம்பெனியிடம் ஒப்பந்தம் வாங்க 1937 ஆனது. அடுத்த வருடமே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது, உணவக ஊழியர்களை வெளியே விட்டுவிட்டு. 1966இல்தான் அவர்களைச் சேர்த்தார்கள், அதுவும் பாதிச் சம்பளத்தை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையை முதலாளிக்குக் கொடுத்து. 1991இல் குறைந்தபட்சச் சம்பளம் 4.25 ஆனபோது அதில் பாதி 2.13. 1996இல் அந்தப் பாதி என்கிற தொடர்பையும் வெட்டிவிட்டார்கள். மேலே உள்ள எண் 7.25 வரை ஏறியது, கீழே உள்ளது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மாற்ற முடியாததும் இல்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உட்பட ஏழு மாநிலங்களில் முழுக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் முதலாளியே கொடுக்கிறார், டிப்ஸ் அதற்கு மேல். அங்கேயும் பிஸ்ட்ரோக்கள் நடக்கத்தான் செய்கின்றன. நியூயார்க்கில் டேனி மேயர் 2015இல் தன் உணவகங்களில் டிப்ஸையே எடுத்துவிட்டு விலையில் சேர்த்துப் பார்த்தார். 2020இல் அதைக் கைவிட்டார். பக்கத்துக் கடையெல்லாம் பழைய முறையில் இருக்கும்போது ஒரு முதலாளி மட்டும் மாறுவது கஷ்டம், சட்டம்தான் மாற வேண்டும். உங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை, தெரியும். அதற்காக அந்தக் கோபத்தைக் கார்டு ரசீதில் எழுதினால் அது சட்டசபைக்குப் போகாது. அன்று இரவு எங்கோ ஒரு சமையலறையில் நோட்டு எண்ணுகிற பெண்ணிடம்தான் போகும்.

240இல் இருபது சதவீதம் 48 டாலர். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு எட்டு.

அந்த நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களை அவமானப்படுத்த நினைத்திருந்தால் மேசையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பார். எதையோ மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனது உங்கள் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண்ணுடைய கூலியையும் உங்கள் மானத்தையும் சேர்த்தே யோசித்திருக்கிறார். அந்த மனிதரை விட்டு விலகவா என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை அதே இடத்துக்குப் போங்கள். வாசலில் நிற்பவரிடம், அந்தப் பெண் பார்த்துக்கொள்ளும் மேசையாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஆபீஸிலேயே நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டு முழுத்தொகையையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பூஜ்யம் போட்டது நீங்கள் ஒருவர்தான்.

அன்புடன்,
அக்கா