ஊருணிப் பதிவேடு: "கோப்பு கிடைக்கவில்லை" என்ற பதிலுக்கு

வணக்கம் ஐயா. கானாடுகாத்தான் பக்கத்து ஊருணியின் வரத்துக்கால் (ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) எவ்வளவு அகலம் என்றறிய வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்து, "கோப்பு கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலைப் பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தகவலை மறுப்பதற்கான காரணங்களை 8, 9 ஆகிய பிரிவுகளில் அடுக்குகிறது. கோப்பு காணாமற்போவது அவற்றுள் இல்லை. அந்தப் பதில் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 19(1) பிரிவின்கீழ் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். மறுத்தது சரியென மெய்ப்பிக்கும் பொறுப்பு 19(5)இன்படி தங்கள் மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருடையது.

இன்னொன்று, தங்கள் மனுவில் "ஊருணி தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று கேட்டிருப்பது, தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். புல எண்ணை (சர்வே எண்) குறித்து, அதன் அளவுகளைக் காட்டும் புலப்படம், நிலத்தின் வகையும் பரப்பும் பதிந்த அ-பதிவேட்டுப் பக்கம் என்று பெயர் சொல்லிக் கேட்டுப் புதிய மனு ஒன்றும் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். சிவகங்கைச் சீமை ஜமீனாக இருந்து, 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் அரசிடம் வந்த பகுதியாதலால், நிலவரித்திட்டப் பதிவேட்டையும் (செட்டில்மென்ட் பதிவேடு) கேட்பது நல்லது; வாய்க்காலின் பழைய வகைப்பாடு பெரும்பாலும் அதில்தான் தெரியும். நகலுக்குக் காத்திராமல், 2(ஜே) பிரிவைக் காட்டி நேரில் பார்வையிடவும் கேட்கலாம்.

மேல்முறையீட்டிலும் பயனில்லையென்றால், 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குச் செல்லுங்கள். ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள்.