தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தவர்கள் கவிதை, சிறுகதைப் பாடங்களை எப்படிப் படிப்பது? நோட்ஸ் போதாதா?

கேள்வி கேட்டவர் கொஞ்சம் விவரமும் எழுதியிருக்கிறார். ஊர் சத்தியமங்கலம் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது முதலாண்டு. பாடத்தில் எங்கே பார்த்தாலும் பனி, டாஃபடில் பூ, லண்டன், நியூயார்க். கடையில் விற்கும் நோட்ஸை மனப்பாடம் செய்தால் ஆகாதா, மூலத்தை வேறு படிக்க வேண்டுமா, அதில் நமக்கு என்னதான் இருக்கிறது என்கிறார்.

பாஸ் ஆவதற்கு நோட்ஸ் போதும். நானும் கோபிப் பக்கம் ஒரு கல்லூரியில் இதே படிப்பைப் படித்தவன்தான். இப்போது திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மூலத்தைத் தொடாமலே முதல் வகுப்பு வாங்கியவர்கள் என் செட்டிலேயே உண்டு. ஆனால் நோட்ஸ் எழுதுகிறவர் ஒரு கதையைச் சுருக்கும்போது எதை வெட்டுகிறார் என்று கவனியுங்கள். சம்பளத்தை வெட்டுவார், வாடகையை வெட்டுவார், வேலியை, மாட்டை, கடன் வாங்கிய கணக்கை எல்லாம் வெட்டிவிடுவார். மிச்சம் நிற்பது தியாகம், பேராசை, இயற்கை அழகு என்று நாலு பெரிய வார்த்தைகள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராமலே புரியக்கூடிய விஷயமெல்லாம் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் கிடக்கிறது. தமிழ் மீடியத்தைவிட இதுதான் பெரிய இடைஞ்சல் என்பது என் கட்சி.

ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் வந்தது. ஏழைத் தம்பதி, மனைவி கூந்தலை விற்றுக் கணவனின் வாட்சுக்குச் சங்கிலி வாங்குகிறாள், கணவன் வாட்சை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்குகிறான், தியாகமே அன்பு. நோட்ஸ் இத்தோடு முடிந்துவிடும். கதை ஆரம்பிப்பதோ காசு எண்ணுவதில். மனைவி டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட். மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் கறிக்கடைக்காரரிடமும் அடித்துப் பேசி ஒவ்வொரு காசாக மிச்சம் பிடித்தது. வீட்டு வாடகை வாரம் 8 டாலர். கணவன் ஜிம்முக்கு முன்பு வாரம் 30 டாலர் வந்துகொண்டிருந்தது, இப்போது 20தான். கூந்தல் 20 டாலருக்குப் போகிறது. சங்கிலி 21 டாலர், அவனுடைய ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேலே. மீதி 87 சென்ட்டோடு வீட்டுக்கு ஓடி வருகிறாள்.

என்னோடு படித்த ஒரு பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுத்த வாரம் ஓடும். பாடம் நடக்கும்போதே அவள் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுவிட்டாள். 20இல் 8 வாடகைக்குப் போனால் 12. "ஆர்டர் கொறஞ்சா எங்க வீட்டுலயும் இதே கததாங்க மேடம்" என்றாள். 30 ஏன் 20 ஆனது என்று கதை விளக்கவில்லை. அவளுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. இப்படி ஒரு வாசிப்பு எந்த நோட்ஸிலும் கிடைக்காது. (போகிற போக்கில் ஒன்று: அந்த 1.87இல் 60 சென்ட் மட்டும்தான் ஒற்றைச் சென்ட் காசு என்கிறார் ஆசிரியர். மீதி 1.27ஐ 5, 10, 25 சென்ட் காசுகளால் கூட்டிப் பாருங்கள், வராது. 2 சென்ட், 3 சென்ட் காசு அமெரிக்காவில் முன்பு அடித்திருக்கிறார்கள், அது கலந்திருந்தால் வரும். வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு மணி நேரம் நன்றாகப் போகும்.)

அடுத்தது டால்ஸ்டாயின் 'ஹவ் மச் லேண்ட் டஸ் எ மேன் நீட்?'. 1886இல் ருஷ்ய மொழியில் எழுதியது. மொழிபெயர்ப்பாகப் பாடத்தில் வைப்பார்கள். 'பேராசை பெருநஷ்டம்' என்று ஒரே வரியில் நோட்ஸ் முடித்துவிடும். பாஹோம் என்ற குடியானவன் ஒரு பகலில் எவ்வளவு தூரம் சுற்றி வருகிறானோ அவ்வளவு நிலமும் 1,000 ரூபிளுக்கு அவனுக்கே. சூரியன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஓடி வந்து விழுந்து செத்துப்போகிறான். தலை முதல் கால் வரை ஆறடி போதுமானதாக இருந்தது. இந்தக் கடைசிப் பகுதி எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு நில ஆசை எப்படி வந்தது என்பதைத்தான் யாரும் படிப்பதில்லை.

பக்கத்தில் ஒரு பண்ணைக்காரி அம்மா. அவள் ஒரு பழைய சிப்பாயைக் காரியஸ்தனாக வைக்கிறாள். பாஹோமின் குதிரை அவளுடைய ஓட்ஸ் வயலில் புகுந்துவிடும், மாடு தோட்டத்துக்குள் போய்விடும், கன்று புல்வெளிக்குள் நுழைந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் அபராதம். அந்த அம்மா நிலத்தை விற்கப்போகிறாள் என்று தெரிந்ததும் அவன் பணம் புரட்டுகிற விதம் இருக்கிறதே, அதுதான் கதையின் உயிர். கையில் 100 ரூபிள் இருக்கிறது. ஒரு குதிரைக்குட்டியை விற்கிறான், தேனீக்களில் பாதியை விற்கிறான், ஒரு மகனைக் கூலிக்கு அனுப்பிச் சம்பளத்தை முன்பணமாக வாங்குகிறான், மிச்சத்தை மச்சினனிடம் கடன் வாங்குகிறான். வாங்கி முடித்ததும் என்ன ஆகிறது? அக்கம்பக்கத்து மாடு இப்போது இவன் நிலத்தில் மேய்கிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இவனே அபராதம் போடச் சொல்லி வழக்குப் போடுகிறான்!

எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, இந்தக் கதையைத் தோட்டத்துச் சாளையில் வைத்துச் சொன்னேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். பேராசையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "மச்சினங்கிட்டக் கடன் வாங்கினானா? அப்பக் கெரயம் யாரு பேருல?" என்றுதான் கேட்டார். கதையில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் எங்கள் இலக்கிய வகுப்பில் அதுவரை யாரும் இவ்வளவு கூர்மையாக ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. புறவழிச்சாலை வருகிறது என்ற பேச்சிலேயே நில விலை ஏறுவதைப் பார்த்த ஊர் நம்முடையது. பாஹோமைத் திட்டுவது சுலபம். அவன் இடத்தில் நின்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கதை வேறு மாதிரி படும்.

இதோடு சேர்த்து ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' படியுங்கள். 1942இல் வந்த நாவல், தாராபுரம் பக்கத்து மனிதர். விதவையான நாகம்மாள் கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், அது கொலையில் முடிகிறது. உங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது. ஆனாலும் நிலம் ஒரு குடும்பத்துக்குள் என்னென்ன வேலை செய்யும் என்பதை டால்ஸ்டாயைவிட நெருக்கத்தில் காட்டுகிறது என்பேன். இதைச் சொன்னதற்கு எங்கள் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மாப்பசானின் 'நெக்லஸ்' (1884) பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரவல் வாங்கிய நகை தொலைந்துபோக, மாற்று நகைக்கு 36,000 பிராங்க், பத்து வருடம் வட்டியும் அசலும், கடைசியில் தொலைந்துபோன நகை 500 பிராங்க்கூடத் தேறாத கவரிங். முடிவு தெரிந்துவிட்டால் இரண்டாம் முறை படிக்க அதில் சரக்குக் குறைவு.

கவிதைக்கு வருவோம். ராபர்ட் ஃப்ராஸ்டின் 'மெண்டிங் வால்', 1914. ஃப்ராஸ்ட் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் பண்ணை வைத்திருந்தவர். எல்லைக் கல்சுவர் பனிக்காலத்தில் சரிந்துவிடும். வசந்தம் வந்ததும் இரண்டு அண்டைக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் நடந்து விழுந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டே போவார்கள். வேலி நன்றாக இருந்தால் அண்டை வீடும் நன்றாக இருக்கும் என்று பக்கத்துக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவருடைய அப்பா சொன்னதாம். கவிதை சொல்கிறவருக்கு இதில் கிண்டல். என் ஆப்பிள் மரம் வந்து உன் பைன் காயைத் தின்றுவிடாது. மாடு இருக்கிற இடத்தில் வேலி வேண்டும், இங்கேதான் மாடே இல்லையே என்கிறார்.

மேடம் இந்த இடத்துக்கு வந்தபோது காங்கயத்துப் பையன் ஒருவன், "எங்க கொறங்காட்டுல மாடு இருக்குதுங்களே மேடம்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. காங்கயம், மூலனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கொறங்காடு என்பது மேய்ச்சல் காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. வேலி ஒழுங்காக இருந்தால் ஆள் காவல் இல்லாமலே மாடு நாள் முழுக்க உள்ளே மேயும். ஒரு சந்து விழுந்தால் அடுத்தவன் வெள்ளாமைக்குள் போய் நிற்கும், சாயங்காலம் பஞ்சாயத்து. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனுக்குப் பக்கத்துக்காரர் மூடராகத் தெரியமாட்டார். கவிஞர் சுவரை எதிர்க்கிறார் என்று நோட்ஸ் அடித்துச் சொல்லும். கவிதையைத் திரும்பப் பாருங்கள். சுவரைச் சரிசெய்யலாம் வா என்று குன்றுக்கு அந்தப் பக்கம் சொல்லி அனுப்புகிறவரே அந்தக் கிண்டல்காரர்தான்! அவர் எந்தக் கட்சி என்று ஒரு வரியில் அடைக்க முடியாது. அதனால்தான் நூறு வருடம் தாண்டியும் பாடத்தில் இருக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் 'டு ஆட்டம்' (இலையுதிர் காலத்துக்கு) இன்னொரு நல்ல உதாரணம். 1819 செப்டம்பர் 19, வின்செஸ்டரில் எழுதினார். அப்போது அவருக்கு 23 வயது. 25 வயதில் ரோமில் காசநோயால் இறந்தார். இலையுதிர் காலம் என்றதும் நோட்ஸ்காரர்கள் மரணம், சோகம் என்று தொடங்கிவிடுவார்கள். மொத்தம் 33 வரி, தேடிப் பாருங்கள், ஓர் இலைகூட உதிரவில்லை. இருப்பதெல்லாம் அறுவடை. பாதி அறுத்த சாலில் தூங்குகிறவர், தூற்றுகிற காற்றில் மெல்லப் பறக்கும் முடி, சிந்திய கதிரைப் பொறுக்கித் தலையில் வைத்து ஓடையைத் தாண்டுகிறவர், ஆப்பிள் ஆலையில் கடைசிச் சொட்டு வடிவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர், அறுத்து முடித்த தாள் நிற்கிற காடு. களத்தில் காற்று பார்த்துச் சோளம் தூற்றுவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதில் பாதிக்கு அகராதி வேண்டாம்.

டாஃபடில் கவிதை நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னதை நான் நம்பிக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் அதன் பின்கதை பிடிக்கும். தனியாகத் திரிந்தேன் என்று வேர்ட்ஸ்வர்த் தொடங்குகிறார். 1802 ஏப்ரல் 15 அன்று உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் தங்கை டாரதியும் கூடவே இருந்தார். அன்றைக்கே டைரியில் அந்தப் பூக்களை எழுதி வைத்தவர் அவர். சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லில் தலை சாய்த்திருந்தன என்று எழுதியிருப்பார். கவிதையின் மிகச் சிறந்த இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தது. டாரதியின் உரைநடைதான் எனக்கு ஒரு படி மேலே.

யாப்பு பற்றி ஒன்று மட்டும். தமிழில் நேர், நிரை என்று குறில் நெடில் பார்த்து அசை பிரித்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் கணக்கு அழுத்தத்தில் இருக்கிறது. நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வதால் சந்தம் காதில் விழுவதில்லை. தாமஸ் கிரேயின் 'எலிஜி' (1751) முதல் வரியைப் பெஞ்சில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: 'த கர்ஃப்யூ டோல்ஸ் த நெல் ஆஃப் பார்ட்டிங் டே'. கர், டோல்ஸ், நெல், பார்ட், டே, இந்த ஐந்தில் மட்டும் தட்டு விழ வேண்டும். அயாம்பிக் பெண்டாமீட்டர் என்பது இதுதான். அடுத்த வரியிலேயே மாடுகள் கத்திக்கொண்டு வீடு திரும்புகின்றன, அதற்கடுத்து உழவன் களைத்து நடக்கிறான். இதை எப்படி அந்நியம் என்பது?

சரி, எப்படிப் படிப்பது? பழைய கவிதை, கதை எல்லாம் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். லிப்ரிவாக்ஸில் ஒலியாகவும் கிடைக்கும், பஸ்ஸில் கேட்கலாம். முதல் தடவை அகராதியைத் தொடாமல் கடைசிவரை போய்விடுங்கள். இரண்டாம் தடவை காசு, நிலம், சாப்பாடு, வேலை, யார் யாருக்குக் கடன் என்று வருகிற இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். தெரியாத வார்த்தையை அப்போது பாருங்கள், அதுவும் கோடிட்ட வரிகளுக்கு மட்டும். ஓ. ஹென்றியில் ஆரம்பியுங்கள், சின்னக் கதை. அப்புறம் டால்ஸ்டாய், ஃப்ராஸ்ட். கீட்ஸைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

தேர்வில் தீம் பற்றிக் கட்டுரை கேட்டால் தியாகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 20 டாலர் சம்பளத்தையும் 21 டாலர் சங்கிலியையும் எழுதுங்கள். ஒரே நோட்ஸைப் பார்த்து எழுதிய விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்திக்கொண்டிருப்பவர் அந்த இடத்தில் நின்று படிப்பார். நோட்ஸைத் தூக்கிப் போட வேண்டாம்; ஆசிரியர் பிறந்த ஊர், எழுதிய மற்ற நூல்கள் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குத் தேவைப்படும்.