வயதான ரசிகர்களின் குறையைக் கிளப்பிடம் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. பல வருடங்களாக ஒரு பிரீமியர் லீக் கால்பந்துக் கிளப்பின் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். அவரும் அக்கம்பக்கத்து இருக்கைக்காரர்கள் ஆறேழு பேரும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் புலம்புகிறார்கள். படி ஏற முடியவில்லை, முன்வரிசைக்காரர்கள் எழுந்து நிற்பதால் ஆட்டம் தெரிவதில்லை, டிக்கெட் போனுக்குள் போய்விட்டது, முதியோர் சலுகை குறையும் என்று பேச்சு, திங்கள் இரவு எட்டு மணிக்கு ஆட்டம் வைக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வந்ததோடு சரி. இவர்கள் சார்பில் முறையாகப் பேச என்ன வழி?

பதில்: அப்படியொரு பதில் வந்ததில் ஆச்சரியமில்லை. ஐந்து குறைகளை ஒரே கடிதத்தில் போட்டிருக்கிறீர்கள். அவை ஐந்தும் வெவ்வேறு ஆட்களின் மேசைக்குப் போக வேண்டியவை. படிக்கிறவருக்கு அவற்றில் நான்கு தன் வேலை இல்லை என்று தோன்றும், ஐந்தாவதையும் சேர்த்து நன்றி சொல்லி மூடிவிடுவார். எனவே முதலில் பிரியுங்கள்: சட்டப்படி கேட்கக்கூடியது எது, கிளப் மனசு வைத்தால் நடப்பது எது, கிளப்பின் கையிலேயே இல்லாதது எது.

பலரும் கோட்டை விடுவது சட்டத்தில்தான். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் ‘வயதானவர் என்பதால் எனக்கு வசதி செய்து கொடு’ என்று கேட்கும் உரிமையை அது தரவில்லை. அந்த உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கிறது. சேவை தருகிறவர்கள் அவர்களுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்தே ஆக வேண்டும், அதுவும் யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே யோசித்து. சரி, இந்தச் சட்டத்தின் கண்ணில் யார் மாற்றுத்திறனாளி? அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கும் உடல் அல்லது மனக் குறைபாடு, 12 மாதமோ அதற்கு மேலோ நீடித்தால் போதும். முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏறத் திணறுகிறவர், மூச்சுத் திணறல் உள்ளவர், காது மந்தமானவர் எனப் பலர் இதற்குள் வந்துவிடுவார்கள். சக்கர நாற்காலியோ அரசாங்க அட்டையோ இருந்தால்தான் என்றில்லை.

சிக்கல் என்னவென்றால், நம் பெரியவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “எனக்கென்ன ஊனமா? கொஞ்சம் கால் வலி, அவ்வளவுதான்” என்பார்கள். நம்மவர்கள் மட்டுமல்ல, ஆங்கிலேயத் தாத்தாக்களும் இதே கதைதான். அந்த ஒரு வீம்பினால், உரிமையாகக் கேட்க வேண்டியதை ஒரு தயவுபோலக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். பிரீமியர் லீக் கிளப்புகளில் மாற்றுத்திறனாளிகளின் அணுகல் வசதியைக் கவனிக்கும் அலுவலர் ஒருவர் இருப்பார். கிளப் இணையதளத்தில் அவருடைய தொடர்பு விவரம் கிடைக்கும். படி, இருக்கை மாற்றம், துணைக்கு ஒருவர் வருவது, சர்க்கரை நோயாளி இன்சுலினும் பிஸ்கட்டும் பையில் கொண்டுவருவது எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் போக வேண்டும். வாசலில் பையைத் திறந்து பார்க்கும் ஸ்டூவர்டிடம் வாதாடிப் பயனில்லை. கிளப்பிலிருந்து முன்பே ஒரு அனுமதிக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் அங்கே பேச்சே எழாது.

எழுதும் விதமும் முக்கியம். “வயதானவர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்” என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: “இந்த பிளாக், இந்த வரிசை, இந்த இருக்கை. நுழைவாயிலிலிருந்து இருக்கைக்கு இத்தனை படி. நடுவில் கைப்பிடி இல்லை. எனக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம். அதே விலையில், பத்துப் படிக்குள் எட்டக்கூடிய, நடைபாதையை ஒட்டிய இருக்கைக்கு அடுத்த சீசன் மாற்றித் தாருங்கள். அதுவரை நடக்கும் ஆட்டங்களுக்கு என்ன ஏற்பாடு செய்ய முடியும்?” படிகளை நீங்களே ஒருமுறை எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள். எண் இருக்கிற கடிதத்தை ஒரு வரி நன்றியோடு முடித்துவைப்பது அவர்களுக்குக் கஷ்டம். அதோடு, கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும்.

நிற்பவர்கள் விஷயம் கொஞ்சம் வம்பானது. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில், ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதியில் நடந்த நெரிசலில் 97 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் உயர்நிலை மைதானங்கள் எல்லாம் இருக்கை மயமாகின. 2022-இலிருந்து, தடுப்புக் கம்பி பொருத்திய, உரிமம் பெற்ற பகுதிகளில் நின்று பார்க்க மறுபடி அனுமதி உண்டு. அப்பாவின் இருக்கை அந்தப் பகுதியிலோ அதன் பின்னாலோ இருந்தால், புகார் சொல்வதைவிட இடம் மாறுவதே புத்திசாலித்தனம். இளைஞர்களை உட்காரவைக்க எந்தக் கிளப்பாலும் முடிந்ததாகத் தெரியவில்லை. வேறு பகுதி என்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த வரிசை, எத்தனாவது நிமிடத்திலிருந்து என்று குறித்துவையுங்கள். நான்கைந்து ஆட்டத்தின் குறிப்பு சேர்ந்தால் பாதுகாப்புப் பிரிவு கவனிக்கும்.

போன் டிக்கெட்டுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குச் சில கிளப்புகள் பிளாஸ்டிக் அட்டை தருகின்றன, விளம்பரப்படுத்துவதில்லை. டிக்கெட் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அங்கேயே இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஒரு சீசனில் இத்தனை ஆட்டத்துக்காவது வர வேண்டும், இல்லையென்றால் சீசன் டிக்கெட் போய்விடும் என்ற விதி இப்போது பல கிளப்புகளில் வந்துவிட்டது. பைபாஸ் செய்துகொண்டு மூன்று மாதம் படுத்திருப்பவருக்கு விலக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதியோர் சலுகைதான் நீங்கள் கூட்டாகப் பேச வேண்டிய விஷயம். சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. 2024-இல் டாட்டன்ஹாம் கிளப், முதியோர் சலுகையில் புதிய சீசன் டிக்கெட் தருவதை நிறுத்தப் போவதாகவும், ஏற்கெனவே உள்ளவர்களின் தள்ளுபடியைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. ரசிகர்கள் ஒரு ஆட்டத்தின் 65-வது நிமிடத்தில் களத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள். அந்த வருடமே வெஸ்ட் ஹாம் கிளப்பிலும் சலுகை விலையைச் சுருக்கியதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். இரண்டு இடத்திலும் குரல் எழுப்பியதில் இளைஞர்களும் இருந்தார்கள். சலுகையை முதியவர்களின் தனிக் கோரிக்கையாக வைக்காதீர்கள். இன்று முப்பது வயதில் இருப்பவனும் ஒருநாள் அந்த விலையில்தான் வாங்க வேண்டியிருக்கும், அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கான வாசல், ‘ஃபேன் அட்வைசரி போர்டு’ எனப்படும் ரசிகர் ஆலோசனைக் குழு. பிரீமியர் லீக் விதிப்படி 2023-24 சீசனிலிருந்து ஒவ்வொரு கிளப்பிலும் இப்படியொரு குழு இயங்க வேண்டும், ரசிகர் விவகாரத்துக்கு இயக்குநர் குழு அளவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். உங்கள் கிளப்பின் குழுவில் யார் யார் என்று பாருங்கள், கூட்டக் குறிப்பு வெளியிட்டிருந்தால் படியுங்கள். முதியோருக்கென்று ஒரு பிரதிநிதி இருந்தால் நேராக அவரிடம் போங்கள். இல்லையென்றால் அப்படியொரு இடம் வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். கூடவே கிளப்பின் சுயாதீன ரசிகர் சங்கத்தில் உங்கள் கூட்டம் முழுவதும் உறுப்பினராகட்டும். ஏழெட்டுப் பேராகப் பேசுவதற்கும் சங்கத்தின் பெயரில் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் உங்கள் கையில் இன்னொரு பிடி. இங்கிலாந்து ஆண்கள் கால்பந்தின் முதல் ஐந்து அடுக்குகளிலுள்ள கிளப்புகளுக்கு அது ஒரு சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பை உண்டாக்கியது. டிக்கெட் விலை உட்பட ஆட்ட நாள் விவகாரங்களில் ரசிகர்களைக் கலந்தாலோசிப்பதைக் கிளப்பின் கடமையாக வைத்திருக்கிறது. கலந்தாலோசிப்பது என்றால் நீங்கள் சொன்னபடி நடப்பது என்று அர்த்தமில்லை. ஆனால் விலையை அறிவித்துவிட்டு ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்கும் பழைய விளையாட்டுக்கு இனி இடம் குறைவு. அடுத்த சீசன் விலையைப் பெரும்பாலும் வசந்த காலத்தில் அறிவிப்பார்கள். உங்கள் பேச்சு குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

திங்கள் இரவு ஆட்டத்தைக் கிளப்பிடம் சொல்லிப் பயனில்லை. நேரத்தை முடிவுசெய்வது தொலைக்காட்சி ஒப்பந்தம். 2025-இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் சீசனுக்குக் குறைந்தது 267 ஆட்டங்கள் நேரலையில் போகின்றன. ஆட்ட நேரப் பிரச்சினையைத் தேசிய அளவில் ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் என்ற ரசிகர் அமைப்பு பேசிவருகிறது, அங்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள். கிளப்பிடம் கேட்கக்கூடியது, கடைசி ரயில் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்வதும், கூட்டம் கலையும்போது நிலையம் போகும் வழியில் உட்கார நாலு இடம் போடச் சொல்வதும்தான்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது: கழிப்பறை. இடைவேளை 15 நிமிடம். ப்ராஸ்டேட் பிரச்சினை உள்ளவர் படியிறங்கி, வரிசையில் நின்று, திரும்பி ஏறுவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிடும். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, குழுவாகக் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் ஒரு பெண் கேட்பது நல்லது. கிளப்புக்குப் பெயர் இல்லாமல் எத்தனை பேர், எந்தப் பிளாக் என்று மட்டும் கொடுங்கள்.

கிளப்பின் புகார் நடைமுறையை எழுத்தில் முடித்த பிறகும் பதில் திருப்தி தராவிட்டால், லீக்கிடமும் அதையடுத்து சுயாதீனக் கால்பந்து குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். அவர் சொல்வது பரிந்துரைதான், ஆனால் கிளப்புகள் அதைச் சுலபமாகத் தட்டிக்கழிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் தொடர்பானது என்றால் லெவல் பிளேயிங் ஃபீல்டு என்ற தொண்டு நிறுவனம் வழிகாட்டும். குழு, சங்கம், விலை எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். அப்பாவின் முழங்கால் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அணுகல் அலுவலருக்கான கடிதத்தைத் தனியாகப் பிரித்து இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.