முகாமில் காலரா பரவினால் முதல் வேலை என்ன?

சூடானில் போருக்குத் தப்பி தவிலா என்ற ஊரில் தஞ்சம் புகுந்தவர்களிடம் காலரா பரவியதைப் படித்துவிட்டு, "இப்படி ஓர் இடத்தில் முதலில் வேண்டியது மருத்துவமனையா, தடுப்பூசியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும்தான். ஆனால் செவிலியராக நான் முதலில் கேட்பது, குடிசைகளுக்கு நடுவிலேயே ஓஆர்எஸ் (குளுக்கோஸும் உப்பும் கலந்த) கரைசல் கொடுக்கும் சின்னச் சின்ன இடங்கள்.

காரணம், காலரா நேரம் கொடுக்காது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு நிற்காமல் போகும். கண் குழி விழும், வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும். காலையில் நடமாடிய ஆள் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். அவரைத் தூக்கிக்கொண்டு பல மைல் நடக்கச் சொல்வது கொடுமை.

1971 வங்கதேசப் போரில் இந்தியாவுக்கு வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடி. எல்லையோர போங்கான் மருத்துவமனையில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள், சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த முகாம்களில் 30 சதவீதம் வரை போன உயிரிழப்பு, அவரது பராமரிப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காலராவிலும் குடல் குளுக்கோஸை உறிஞ்சும்; அதோடு உப்பும் தண்ணீரும் உள்ளே போய்விடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். இதற்கு ஒரு அம்மா போதும். நினைவு தப்பி, குடிக்கவே முடியாதவருக்குத்தான் சலைன் உடனே ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் 1994இல், இன்றைய காங்கோவில் இருக்கும் கோமா நகரில் அந்தக் கொடுமை நடந்தது. ருவாண்டாவிலிருந்து ஓடி வந்த அகதிகளில் முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவாலும் சீதபேதியாலும். குடித்தது கிவு ஏரித் தண்ணீர். கழிப்பறைக் குழி தோண்ட விடாத எரிமலைப் பாறை. அங்கே வாய்வழிக் கரைசலைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை, உடலில் நீர் ஏற்றியதும் மெதுவாகத்தான் என்று பிறகு போய்ப் பார்த்த மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்து தெரிந்திருந்தும் இத்தனை பேர் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம் தண்ணீர். குழாயும் லாரியும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே ஆள் நிறுத்தி, ஒவ்வொரு குடத்திலும் குளோரின் கரைசலை அளந்து விட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லலாம். கேன் வாய் குறுகலாக இருந்தால் நல்லது, யாரும் கைவிட்டு மொள்ள முடியாது.

தடுப்பூசி நோய்க்கு முந்திக்கொண்டால் பலன் அதிகம். 2017 அக்டோபரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்களுக்கு அப்படித்தான் முன்கூட்டியே லட்சக்கணக்கில் வாய்வழி மருந்தாகக் கொடுத்தார்கள். பயந்த அளவுக்குப் பெரிய காலரா அங்கே அப்போது வரவில்லை. தவிலாவில் 2025இல் தடுப்பூசிக்கு முன்பே நோய் புகுந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் தடுப்பூசி வந்து, அது வேலை செய்யத் தொடங்கும்வரை ஆட்களை உயிரோடு வைத்திருப்பது அந்தக் கரைசல்தான். நீங்கள் பணம் அனுப்ப நினைத்தால், எந்த அமைப்பு இந்தக் கரைசல் மையங்களையும் குளோரின் வேலையையும் நடத்துகிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.