பி.எல்.சி.யில் (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) ‘இன்புட் மேப்பிங்’ என்றால் என்ன? அது ஏன் தேவை?

சென்சார் அனுப்பும் மதிப்பு, பி.எல்.சி.யின் நினைவகத்தில் எந்த முகவரியில் வந்து உட்கார வேண்டும், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று முன்பே குறித்துவைப்பதுதான் இன்புட் மேப்பிங்.

காரணம் எளிது. புரோஃபிநெட், மோட்பஸ் போன்ற தொழிற்சாலை நெட்வொர்க்குகளில் தரவோடு பெயர் வருவதில்லை. ‘கொதிகலன் அழுத்தம் 5 பார்’ என்று எந்தக் கருவியும் சொல்லாது. வெறும் பைட்டுகள் வரிசையாக வந்து விழும். சில மில்லி நொடிக்கு ஒருமுறை போகும் செய்தியில் பெயரையும் சுமப்பது வீண். அடுக்குமாடி வாசலில் எண் மட்டும் போட்ட தபால் பெட்டிகள் மாதிரிதான். எந்தப் பெட்டி யாருடையது என்ற பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும்.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது, தலைவலி அதற்கப்புறம்தான். சீமென்ஸ் எஸ்7 பி.எல்.சி.யின் அனலாக் கார்டில் (சென்சாரின் மின் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி), சென்சார் அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டம் 0 முதல் 27648 வரையிலான எண்ணாகத் தெரியும். 0–10 பார் அளக்கும் கருவியிலிருந்து 13824 வந்தால் அது 5 பார். 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த மோட்பஸில் ஒரு ரெஜிஸ்டர் (மதிப்பை வைக்கும் நினைவக அறை) 16 பிட்தான். 32 பிட் தசம எண்ணுக்கு இரண்டு வேண்டும். எது முதலில் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இடம் மாறி அபத்தமான எண் வந்தால் அதிர்ஷ்டம், உடனே கண்ணில் படும். நம்பும்படியான தவறான எண்தான் ஆபத்து.

தொடர்பு விளக்கு பச்சையாக எரிந்தால் மேப்பிங்கும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். பைட்டுகள் வந்து சேர்கின்றன என்பதைத் தவிர அந்த விளக்கு வேறெதையும் சொல்வதில்லை.