படுக்கையில் பாட்டுக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தூக்கம் போய்விட்டது. பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணி வரை புரள்கிறேன். நான்கு மாதங்களாகப் பெரும்பாலான இரவுகளில் தூக்க மாத்திரை போடுகிறேன். காலையில் தலை பாரமாக இருக்கிறது. இயர்போனில் பழைய திரைப்பாடல்கள் கேட்டால் மனம் லேசாகிறது, ஆனால் தூக்கம் வருவதில்லை. காது கெட்டுவிடும் என்கிறான் மகன். நீலாம்பரி ராகம் கேளுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரையை விட்டுவிட்டுப் பாட்டு மட்டும் கேட்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் பாட்டுக் கேளுங்கள் அம்மா. இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தூக்கமின்மை உள்ள பெரியவர்களிடம் நடந்த 13 ஆய்வுகளை, மொத்தம் 1,007 பேர், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் தொகுத்துப் பார்த்தது. தினமும் 25 முதல் 60 நிமிடம் இசை கேட்டவர்கள், தூக்கத்தின் தரம் கூடியதாக உணர்ந்தார்கள். பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் எவ்வளவு சீக்கிரம் தூங்கினார்கள், எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்பதற்கு அந்த அளவு வலுவான சான்று இல்லை.

உங்களுக்குத் தூக்கம் வராததற்குப் பாட்டின் மீது பழி போட வேண்டாம், தேர்வுதான் பொருந்தவில்லை. திரைப்பாடலில் வரிகள் உண்டு, வரிகளோடு நினைவுகளும் வரும். வாய் முணுமுணுக்கும், மனம் பழைய நாட்களுக்குப் போய்விடும். சொற்கள் இல்லாத, மெதுவான வீணையோ புல்லாங்குழலோ நல்லது. நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, அதாவது ஓய்வாக இருக்கும்போது நாடி துடிக்கும் வேகம். கச்சேரிப் பதிவு வேண்டாம். கண் சொருகும் நேரத்தில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனமும் கைதட்டலும் தூக்கிவாரிப் போடும். நீலாம்பரி நம் தாலாட்டு மரபில் ஊறிய ராகம். மற்ற ராகங்களைவிட அது அதிகம் தூங்கவைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பிடித்திருந்தால் அதையே கேளுங்கள், பிடித்திருப்பதும் முக்கியம்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. சத்தம் அதிகமானால்தான் உட்காது பாதிக்கப்படும். என்றாலும் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் காதுத் துவாரம் புண்ணாகலாம், குறும்பி உள்ளே தள்ளப்படலாம். ஒரு சிறிய ஸ்பீக்கரைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்து, பக்கத்து அறைப் பேச்சு போல மெல்லக் கேட்கும்படி விடுங்கள். பாட்டை முன்கூட்டியே பதிவிறக்கி, 45 நிமிடத்தில் தானாக நிற்கும்படி செய்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். பாட்டுக்கு நடுவே விளம்பரம் அலறினால் அத்தனையும் வீண்.

ஒரே நாளில் பலன் எதிர்பார்க்காதீர்கள். மூன்று வாரமாவது தினமும் அதே நேரத்தில் கேளுங்கள். இசை நின்ற பிறகும் விழித்திருந்தால் படுக்கையில் புரள வேண்டாம். எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள், கண்ணைச் சுழற்றும்போது போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் குடிக்கும் ஃபில்டர் காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு காபியை நிறுத்துங்கள். இத்தகைய பழக்கங்களை முறையாகக் கற்றுத்தரும் நடத்தைச் சிகிச்சைதான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இன்று முதல் மருத்துவம். பாட்டு அதற்குத் துணை, மாற்று அல்ல.

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், இரவில் கால்களில் அடங்காத குடைச்சல், எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு, இவற்றில் ஏதாவது உண்டா? குறட்டையையும் மூச்சையும் பற்றி வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். இருந்தால் முதலில் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும்.

மாத்திரையை மட்டும் இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகளைப் பல வாரம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகும். படபடப்பும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். அதே நேரம், இந்த வயதில் மாத்திரை மயக்கத்தில் இரவு கழிவறைக்கு எழுந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிவதும் நடக்கிறது. ஆகவே எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாத்திரை அட்டையோடு இந்த வாரமே சென்று, அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். இசையை இன்றிரவே தொடங்கலாம்.