"மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு": பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

திருவிழா நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் வீட்டுக்கு வரும் உறவினர்களும் சனநெரிசலும்தான் அதிகம்.

கனடாவிலிருந்து கணவரின் உறவினர்கள் வந்து நிற்கிறார்கள். ஐந்து வயது மகள் யாருக்கும் கொஞ்சு கொடுக்க மாட்டேன் என்கிறாள். மரியாதை பழக்கவில்லை என்று மாமி குறைப்படுகிறார். (ஒரு தாய், கோண்டாவில்)

மகள் சரியாகத்தான் நடக்கிறாள். அவளுக்கு அவர்கள் இதுவரை வாட்ஸ்அப்பில் பார்த்த முகங்கள் மட்டுமே. கைகூப்பி வணக்கம் சொல்லட்டும், பிஸ்கற் தட்டை நீட்டட்டும். மரியாதைக்கு அது போதும். மாமியிடம் இதை நீங்கள் சொல்வதைவிடக் கணவர் சொன்னால் வீட்டில் சண்டை குறையும்.

நம் ஊரில் ஒரு பிள்ளையைப் புகழ்வதென்றால் "சொல்வழி கேட்கிற பிள்ளை" என்போம். முன்பள்ளியில் நானும் பல வருடம் அப்படிப் புகழ்ந்தவள்தான். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் கொஞ்சம் பயம். பெரியவர் எதைச் சொன்னாலும் தலையாட்டப் பழகிய பிள்ளை, கெட்ட எண்ணத்தோடு வருகிறவருக்கும் அப்படியே தலையாட்டும். பிள்ளைகளைத் தவறாகத் தொடுபவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். ஆகவே "தெரியாத ஆட்களோடு கதைக்காதே" என்பது பாதிப் பாடம்.

மீதிப் பாடத்துக்குக் குளிக்க வார்க்கும் நேரம் தோதானது. உடலுறுப்புகளின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுங்கள். "அம்மாவுக்குச் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அன்றைக்கே அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்பது வீட்டு விதியாக இருக்கட்டும். அப்பாவின் பிறந்தநாள் கேக்கை ஒளித்துவைப்பது வேறு, அது நாளைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். 24 மணி நேரமும் எடுக்கலாம், கட்டணம் இல்லை.

நல்லூர்த் தேருக்கு நாலு வயது மகனைக் கூட்டிப்போகிறோம். தொலைந்துவிட்டால்? (ஒரு தந்தை, சாவகச்சேரி)

தொலைபேசி இலக்கத்தைச் சட்டைப் பையில் வைப்பார்கள். நல்லூரில் ஆண்பிள்ளை சட்டையைக் கழற்றித்தானே உள்ளே போகவேண்டும்! காற்சட்டையின் உள்பக்கம் எழுதித் தைத்துவிடுங்கள். அதுவும் இங்கே வேலை செய்யும் இலக்கமாக இருக்கட்டும்.

அப்புறம், அம்மாவின் பெயர் என்ன என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் "அம்மா" என்றுதான் சொல்லும். ஒலிபெருக்கியில் அதை வைத்து யாரைக் கூப்பிடுவது? உங்களைக் காணாவிட்டால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், பொலிஸ்காரரிடமோ பிள்ளையோடு நிற்கும் ஓர் அம்மாவிடமோ சொல்லவும் பழக்குங்கள்.

பேரனுக்கு மூன்று வயது. கிணற்றடிக்குப் போகாதே என்று எப்படிப் புரியவைப்பது? (ஓர் அம்மம்மா, இணுவில்)

புரியவைக்க முடியாது அம்மா. மூன்று வயதுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கம்பிவலை மூடிதான் பாதுகாப்பு. தோய்க்கிற கல் கிணற்றுக்கட்டோடு ஒட்டியிருந்தால் அதுதான் அவனுக்குப் படி. முதலில் அதை நகர்த்தச் சொல்லுங்கள்.

ஆறு வயதில் நல்ல குடிமகன் என்று எதைச் சொல்லிக்கொடுப்பது? தேசிய கீதமா, கொடியா? (ஒரு தந்தை, பருத்தித்துறை)

அதையெல்லாம் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். மகன் பார்த்துப் படிக்கும் புத்தகம் உங்கள் மோட்டார் சைக்கிள். உங்கள் தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்கும் அவன் தலை வெறுமை. சட்டம் யாருக்கு என்று அவன் அங்கேயே முடிவு செய்துவிடுவான். ரயில் கடவையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் திரும்பி வந்தது. கடவையில் காத்து நிற்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே இல்லாமல் போயிருந்தது. மூடிய கடவைக்குக் கீழே குனிந்து போகும் அப்பாக்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மாரிக்காலத்தில் ஞாயிறுதோறும் வளவைச் சுற்றி வந்து சிரட்டை, யோகட் கோப்பையில் தேங்கிய தண்ணீரை அவனையே ஊற்றச் சொல்லுங்கள். முட்டை நுளம்பாவதற்கு ஏழெட்டு நாள் போதும், அதனால்தான் வாரம் ஒருமுறை. நம் வளவு நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும் என்று சொன்னால் அவனுக்கு விளங்கும். ஒழுங்கையில் விளக்கு எரியாமல் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினால், அடியில் அவனும் தன் பெயரை எழுதட்டும்.

வலிகாமம் வடக்கில் இராணுவம் விடுவித்த காணிக்குத் திரும்பியிருக்கிறோம். வெடிபொருள் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்களா? (ஒரு தாய்)

கொஞ்சம் பயப்படட்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டக்கூடாது. தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, கல்லெறிந்து பார்க்கவும் கூடாது. பெடியன்கள் முதலில் செய்வது அதைத்தான். வந்த வழியாலேயே திரும்பி வந்து உங்களிடம் சொல்லவேண்டும். நீங்கள் பொலிஸின் 119 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுத்த பிறகு முற்றத்தில் ஒரு பழைய தகரப்பேணியைப் போட்டு நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பேணியையும் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தால், பாடத்தை மறுபடி தொடங்கவேண்டும்.